வெயிலிடமிருந்து கொய்னாவைக் காத்த ஊட்டித் தோட்டக்காரர்: யார் இந்த மெக்கைவர்?

மெடிக்கல் ஷாப்பில் சில மருந்துகளை மட்டும் பழுப்பு நிற பாட்டிலில் கொடுப்பார்கள். வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும் என்று லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய வேதியியல் இருக்கிறது: ஒளி சில மருந்து மூலக்கூறுகளை உடைத்துவிடும்.

இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதே குணத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். கழிவுநீரில் கலந்து வரும் ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, வலிப்பு மாத்திரை மிச்சங்களை ஒளியை வைத்தே சிதைப்பதுதான் திட்டம். இதற்கு ஒளிவினையூக்கம் என்று பெயர்.

இதற்கு நேர் எதிரான வேலையை 160 ஆண்டுகளுக்கு முன்பு நீலகிரியில் ஒருவர் செய்துகொண்டிருந்தார். மருந்தை ஒளி தின்றுவிடாமல் காப்பாற்ற, மரத்துக்கே பாசியால் போர்வை போர்த்தினார். அவர் பெயர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. அந்தப் புல்வெளியை, அந்தச் சரிவை, அந்த மர வரிசையை முதலில் திட்டமிட்டவரும் இவர்தான்.

பாசி சேகரித்த பையன்

மெக்கைவர் 1820களின் நடுவில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். டாலர் என்ற சிற்றூரில் வளர்ந்தார். (பணத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.) அப்பா செடி நர்சரி வைத்திருந்தார். அதனால் நாற்று, பதியம், உரம் எல்லாம் வீட்டுச் சமாச்சாரம். பிறகு லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு விசித்திரமான ஆர்வம் இருந்தது. மற்றவர்கள் ஆர்க்கிட் பின்னாலும் ரோஜா பின்னாலும் போனபோது, இவர் ஈரப் பாறையில் ஒட்டி வளரும் ஈரல்பாசிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். சாதாரணப் பாசிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லக்கூடிய சின்னஞ்சிறு செடிகள் அவை. பிரிட்டனின் ஈரல்பாசிகளை உலர்த்தி ஒட்டி, 1847இல் ஒரு கையடக்கத் தொகுப்பாகவே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான் இருக்கும். இந்தப் பாசிப் பழக்கம் பிற்பாடு அவர் வாழ்க்கையையே தீர்மானிக்கப் போகிறது.

மறு ஆண்டு, 1848இல், ஊட்டியில் புதிதாகத் தொடங்கும் அரசுத் தோட்டத்துக்குக் கண்காணிப்பாளராக அனுப்பப்பட்டார். அதற்கு முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது? மலைக்கு வந்து தங்கிய ஐரோப்பியர்கள் மாதச் சந்தா போட்டு நடத்திய ஒரு காய்கறித் தோட்டம். கேரட்டும் உருளையும் சரியான விலையில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அது சரியாக ஓடவில்லை. மெக்கைவர் வந்தபோது மேலே சோலைக்காடு, கீழே சதுப்பு, நடுவே செங்குத்துச் சரிவு. அதைப் படிப்படியாக வெட்டி, வடிகால் எடுத்து, தோட்டமாக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடித்தன.

இத்தோடு நின்றிருந்தால் நல்ல தோட்டக்காரர் என்ற பெயரோடு மெக்கைவர் முடிந்திருப்பார். ஆனால் 1860இல் ஆண்டிஸ் மலையிலிருந்து ஒரு மரம் வந்தது.

காய்ச்சலுக்கு ஒரே மருந்து

கொய்னா மாத்திரை என்று தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கலாம். வாயில் போட்டால் நாள் முழுக்கக் கசக்கும் மருந்து. மலேரியாவுக்கு அந்தக் காலத்தில் நம்பகமான மருந்து அது ஒன்றுதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் அது இருக்கிறது. 1820இல் பெல்லெட்டியே, காவெந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அந்தப் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியாகப் பிரித்தார்கள். அதன் பிறகு தேவை எகிறியது. காட்டு மரங்களை வெட்டி வெட்டி ஆண்டிஸில் பட்டை குறைந்துகொண்டே வந்தது.

பிரிட்டிஷ் அரசுக்கு இது உயிர்ப் பிரச்னை. இந்தியாவில் அதன் படைவீரர்களைப் போரைவிடக் காய்ச்சல் அதிகமாகச் சாய்த்தது. டச்சுக்காரர்கள் ஏற்கனவே ஜாவாவில் சின்கோனா நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாமும் நட வேண்டும் என்று முடிவாகி, கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரி பெருவுக்கு அனுப்பப்பட்டார். உள்ளூர்க்காரர்கள் விரும்பாத வேலை அது. தங்கள் நாட்டுச் சொத்து வெளியே போவதை யார்தான் விரும்புவார்கள்? அந்த வகையில் இந்தக் கதையின் முதல் அத்தியாயமே செடிக் கடத்தல்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அதை மறுப்பது கஷ்டம்.

மார்க்கம் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கொண்டுவந்த செடிகள் பனாமா, இங்கிலாந்து, செங்கடல், மும்பை, கோழிக்கோடு என்று உலகத்தைச் சுற்றி 1860 அக்டோபர் வாக்கில் ஊட்டி வந்து சேர்ந்தன. வழியில் பட்ட வெக்கை தாங்காமல் செத்துப்போயின. மெக்கைவர் கையில் கிடைத்தது வாடிய குச்சிகள்.

காப்பாற்றியது இன்னொரு குழு. ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் உடம்பு முடியாத நிலையிலும் ஈக்வடார் காட்டில் சிவப்புப் பட்டைச் சின்கோனாவின் விதையும் நாற்றும் சேகரித்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அவற்றைக் கப்பலில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டு வந்தார். 1861 ஏப்ரலில் 463 செடிகள் உயிரோடு ஊட்டிக்கு வந்தன. ஸ்புரூஸும் பாசி ஆராய்ச்சிக்காரர், குறிப்பாக ஈரல்பாசி. நீலகிரியின் சின்கோனா வரலாற்றில் இரண்டு முக்கியமான ஆட்களும் ஒரே அபூர்வ ஆர்வம் கொண்டவர்களாக அமைந்தது தற்செயல்தான்.

463 செடியிலிருந்து ஒரு காடு

463 செடியை வைத்து ஒரு நாட்டுக்கு மருந்து தர முடியாது. விதை வரும் வரை காத்திருக்கவும் நேரமில்லை. மெக்கைவர் நர்சரிக்காரர் மகன் அல்லவா, ஒவ்வொரு கிளையையும் பதியம் போட்டார். ஒரே ஒரு மொட்டும் அதோடு ஒட்டிய துண்டும் இருந்தால்கூட வேர்விட வைத்தார். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கு ஆயிரமாகி, ஆயிரம் லட்சமானது. தொட்டபெட்டா சரிவிலும், கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. 1863இல் சின்கோனா வளர்ப்பு பற்றி ஒரு கையேடும் எழுதினார்.

இங்கே அவர் எடுத்த ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். ஜாவாவில் யுங்ஹூன் என்ற ஜெர்மன் நிபுணர், சின்கோனா காட்டு மரம்தானே என்று பெரிய மரங்களின் நிழலில் நட்டார். செடிகள் வெளிறி, குச்சி குச்சியாக வளர்ந்தன. மெக்கைவர் அதற்கு நேர்மாறாகச் சோலையை வெட்டி, திறந்த வெயிலில் நட்டார். மரங்கள் திமுதிமுவென்று வளர்ந்தன. சோலைக்காட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வெட்டினால் நூறாண்டு ஆனாலும் அதே சோலை திரும்ப வராது. மலையின் நீரூற்றுகளும் அதோடு சேர்ந்தவைதான்.

ஆக, மரத்துக்கு வெயில் வேண்டும் என்று அடித்துச் சொன்னவர் மெக்கைவர். அதே மெக்கைவர்தான் கொஞ்ச நாளில் மரத்தின் உடம்பில் வெயில் படக்கூடாது என்றார். எப்படி?

பாசிப் போர்வை

பட்டையை எடுக்க ஆண்டிஸில் இருந்த வழி மரத்தையே வெட்டிச் சாய்ப்பது. ஒரு தடவைதான் அறுவடை. மெக்கைவருக்கு இது பொறுக்கவில்லை. மரத்தை வெட்டாமல், மேலிருந்து கீழாக ஒன்றரை அங்குல அகலத்துக்குப் பட்டையை ரிப்பன் மாதிரி உரித்தார். பக்கத்தில் அதே அகலத்துக்கு ஒரு ரிப்பனை விட்டுவிட்டு, அடுத்ததை உரித்தார். உரிக்கும்போது உள்ளே இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் செத்துவிடும்.

உரித்த மரத்தை அப்படியே விட்டால் காயம் காய்ந்துவிடும். அதனால் ஈரமான பாசியை மரத்தைச் சுற்றிப் பொத்தி, நாரால் கட்டினார். காயத்துக்குக் கட்டுப்போடுவது மாதிரிதான். சில மாதங்களில் உள்ளே புதுப்பட்டை வளர்ந்தது. அடுத்த முறை, விட்டுவைத்த ரிப்பன்களை உரிக்கலாம். பிறகு புதுப்பட்டையை. இப்படி மாற்றி மாற்றி எடுத்தால் மரமும் சாகாது, பட்டையும் தீராது.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். பாசிக்கு அடியில் வளர்ந்த பட்டையை லண்டனில் கொய்னா தயாரிப்பாளரும் வேதியியலாளருமான ஜான் எலியட் ஹோவர்டுக்கு அனுப்பினார்கள். சாதாரணப் பட்டையைவிட அதில் மருந்துச்சத்து கூடுதலாக இருந்தது. உரிக்காமல் சும்மா பாசி கட்டி மூடி வைத்த பட்டையிலும் சத்து ஏறியிருந்தது.

காரணம் என்ன? வெளிச்சம்தான் என்ற பதிலுக்கு ஏற்கனவே ஒரு அடித்தளம் இருந்தது. 1853 வாக்கிலேயே லூயி பாஸ்டர், அதாவது பின்னாளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியால் புகழ்பெற்ற அதே பாஸ்டர், கொய்னா வெயிலில் நிறம் மாறிச் சிதைகிறது என்பதைக் காட்டியிருந்தார். பட்டையை வெயிலில் காயவைக்கும் வழக்கத்தால் மருந்து வீணாகிறது என்பது அவர் கருத்து. நீலகிரிக்கு 1866இல் அரசு வேதியியலாளராக நியமிக்கப்பட்ட ஜான் பிரௌட்டனும், பட்டையில் நேரடியாக விழும் வெயில் மருந்துச்சத்துக்கு ஆகாது என்ற முடிவுக்கே வந்தார்.

மரத்தின் இலைக்கு வெயில் உணவு, பட்டைக்கு அதே வெயில் நஷ்டம். இரண்டையும் ஒரே மரத்தில் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்ததுதான் மெக்கைவரின் சாமர்த்தியம். அதற்கு அவர் கையில் எடுத்தது இருபது வயதில் அவர் தேடித்தேடிச் சேர்த்த செடிகளின் உறவுக்காரச் செடி.

முழு நேர்மையோடு சொன்னால், பாசி தந்த இருட்டு மட்டும்தான் காரணமா, காயம் ஆறி வளரும் பட்டையே இயல்பாகச் சத்து மிகுந்ததா என்ற விவாதம் பிறகும் நடந்தது. இரண்டுமே பங்கு வகித்திருக்கலாம்.

ஒளி மருந்தை எப்படி உடைக்கிறது?

கொய்னா கலந்த டானிக் வாட்டரைப் புற ஊதா விளக்குக்கு அடியில் வைத்தால் நீலமாக ஒளிரும். பார்ட்டி வீடியோக்களில் இதைப் பார்த்திருக்கலாம். இந்த நீல ஒளியை ஜான் ஹெர்ஷல் 1845இல் பதிவுசெய்தார். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் அதை விளக்கினார். கொய்னா மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்குகிறது. விழுங்கிய சக்தியில் ஒரு பகுதியை நீல ஒளியாகத் துப்புகிறது. ஆனால் எல்லா மூலக்கூறும் அப்படித் தப்பிப்பதில்லை. சக்தியை வாங்கிக்கொண்ட சில மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பவற்றோடு வினைபுரிந்து உருமாறிவிடும், உடையும். பழுப்பு நிறம் ஏறுவது அதனால்தான்.

நீலகிரியில் இது இன்னும் கடுமை. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் அளவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிருதே என்று தொப்பி இல்லாமல் சுற்றும் டூரிஸ்ட்டுகள் முகம் கறுத்து ஊர் திரும்புவது இதனால்தான்.

சரி, ஒளி பட்டாலே மருந்து உடையும் என்றால், கழிவுநீரைத் திறந்த குளத்தில் வெயிலில் விட்டால் போதாதா? சில மருந்துகளுக்கு ஓரளவு போதும். வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் ஏரி நீரில் வெயில் பட்டுச் சிதையக்கூடியது. ஆனால் வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மாதிரியானவை சுலபத்தில் அசைந்து கொடுக்காது. வெளிச்சத்தை விழுங்காத மூலக்கூறை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. தவிர, மருந்துகள் வயிற்று அமிலத்தைத் தாங்கி ரத்தத்துக்குள் போகும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த உறுதிதான் சாக்கடையில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் பாக்டீரியாவை நம்பி ஓடுபவை. பாக்டீரியாவைக் கொல்லவே செய்யப்பட்ட மருந்தை அதனிடமே தின்னக் கொடுத்தால் எப்படி?

இது எவ்வளவு பெரிய பிரச்னை என்பதற்கு ஹைதராபாத் அருகே உள்ள பட்டாஞ்செரு ஒரு உதாரணம். அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரை ஆராய்ந்து 2007இல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. கணக்குப் போட்டால் பதினாறு லிட்டர் கழிவுநீரில் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை. இது சுத்திகரித்த பிறகு உள்ள நிலை! இப்படிப்பட்ட நீரில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளாகத்தான் இருக்கும்.

இங்கேதான் ஒளிவினையூக்கி வருகிறது. அதிகம் பேசப்படுவது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் பழகியதுதான். வீட்டுச் சுவர் பெயின்ட்டின் வெள்ளையும், சன்ஸ்க்ரீன் கிரீமின் வெள்ளையும் பெரும்பாலும் அதுதான். அதன்மீது புற ஊதாக் கதிர் விழுந்தால் உள்ளே ஒரு எலக்ட்ரான் மேலே தாவும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். தாவிய எலக்ட்ரான் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனிடம் போய்ச் சேரும். இந்த இழுபறியில் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற துண்டு பிறக்கிறது. அதற்கு ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவு. ஆனால் அதற்குள் எதிர்ப்படும் கரிம மூலக்கூறு எதுவாக இருந்தாலும் கடித்துவிடும். அந்த மூலக்கூறு ஒளியை விழுங்கும் ஜாதியா இல்லையா என்ற கேள்வியே இல்லை. கடித்துக் கடித்து, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் சில உப்புகளும் மிஞ்சும். வினையூக்கி மட்டும் தீராமல் அப்படியே இருக்கும்.

வெயில் படும் பழைய வெள்ளைச் சுவரைக் கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியின் உதவியோடு தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரிப்பதும் அதற்கு ஒரு காரணம். பெயின்ட் கம்பெனிகளுக்குத் தலைவலியான இந்தக் குணம்தான் கழிவுநீர் ஆராய்ச்சிக்கு வரப்பிரசாதம். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தப் பொருளையும் ஒளியையும் வைத்துத் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று காட்டிய பிறகு இந்தத் துறை வேகம் எடுத்தது.

அப்படியானால் ஏன் எல்லா ஊரிலும் இது வரவில்லை? சூரிய ஒளியில் புற ஊதாக் கதிரின் பங்கு வெறும் 4 முதல் 5 சதவீதம். மிச்ச வெளிச்சம் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு உதவாது. சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்யும் வினையூக்கிகளைத் தேடுவது அதனால்தான். நிஜச் சாக்கடை நீர் கலங்கலானது, ஒளி ஆழம் போகாது. அதில் இருக்கும் மற்ற அழுக்குகளும் ராடிக்கல்களைத் தின்றுவிடும், மருந்துக்கு மிச்சம் கிடைப்பது குறைவு. தூளாகப் போட்ட வினையூக்கியைத் திரும்ப வடித்தெடுப்பதும் பெரிய வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதியில் நின்றுவிடும் சிதைவு. அரைகுறையாக உடைந்த துண்டு சில சமயம் மூல மருந்தைவிட மோசமாக இருக்கலாம். பாஸ்டர் பார்த்த பழுப்புக் கொய்னாவும் அப்படிப்பட்ட அரைகுறைச் சிதைவுதான்.

மருந்து மிச்சம் சூழலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நீலகிரி வேறொரு வழியில் அறிந்திருக்கிறது. மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறு கழுகுகள் வாழ்கின்றன. நாடு முழுக்க அந்தப் பறவைகள் அழியக் காரணம், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அது தண்ணீர் வழியாகப் போகவில்லை, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் போனது. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது.

கைதிகள் வளர்த்த மருந்து

மெக்கைவரின் தோட்டத்துக்குத் திரும்புவோம். பல லட்சம் மரங்கள், ஒவ்வொன்றுக்கும் பாசி கட்ட வேண்டும். யார் செய்தார்கள்?

கூலியாட்கள் கிடைப்பது சிரமமாக இருந்தது. கடும் மழை, குளிர், தூரம். அதனால் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். நடுவட்டத்தில் தோட்டத்துக்குள்ளேயே சிறை எழுந்தது. மெட்ராஸ் மாகாணச் சிறைகளில் இருந்தவர்களோடு சீனக் கைதிகளும் இருந்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு பக்கத்துச் சிறைகளில் இடம் இல்லாமல் கடல் தாண்டி மெட்ராஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பள்ளம் தோண்டியது, நாற்று நட்டது எல்லாம் இந்தக் கைகள்தான். சில சீனக் கைதிகள் தப்பியோட, தேடிப்போன போலீஸ்காரர்கள் காட்டில் கொல்லப்பட்ட சம்பவமும் 1860களின் கடைசியில் நடந்தது. விடுதலையான சிலர் ஊர் திரும்பவே இல்லை. தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, காய்கறி போட்டு, மாடு வளர்த்து நடுவட்டம் பக்கமே குடியேறினார்கள். எட்கர் தர்ஸ்டன் தன் ஆய்வுகளில் அந்தக் குடும்பங்களைப் பதிவு செய்திருக்கிறார்.

உயிர் காக்கும் மருந்து, கால்விலங்கு மாட்டியவர்களின் உழைப்பில் வளர்ந்தது. மெக்கைவரின் புகழைப் பேசும் பழைய குறிப்புகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடும்.

யாருக்கு மருந்து?

அந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. ஏழைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லித்தான் திட்டம் தொடங்கப்பட்டது. சின்கோனாப் பட்டையில் கொய்னா மட்டும் இல்லை. அதோடு கொய்னிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று மூன்று சகோதரச் சத்துகள் உண்டு. நீலகிரியின் சிவப்புப் பட்டையில் கொய்னா சுமார்தான், மற்றவை தாராளம். 1866இல் அமைத்த மருத்துவக் குழுக்கள் நான்கையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தன. காய்ச்சலைத் தணிப்பதில் மற்ற மூன்றும் கொய்னாவுக்கு அதிகம் சளைத்தவை அல்ல என்று தெரிந்தது.

அப்படியென்றால் எல்லாச் சத்தையும் ஒன்றாக எடுத்து மலிவான மருந்தாகக் கொடுக்கலாமே? பிரௌட்டன் நீலகிரியில் அதைத்தான் முயன்றார். ஆனால் தயாரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அரசு கணக்குப் பார்த்து நிறுத்திவிட்டது. 1874இல் அவர் பணியும் முடிந்தது. நீலகிரிப் பட்டை லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறியது. தோட்டத்துக்குப் போட்ட பணம் திரும்ப வந்தது, காய்ச்சல்காரனுக்கு மருந்து வரவில்லை. அதே காலத்தில் வங்காள அரசு டார்ஜிலிங் மலையில் மலிவான கலவை மருந்தைச் செய்து காட்டியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீலகிரியில் நடந்தது ஒரு தவறிய வாய்ப்பு.

இதில் மெக்கைவரின் பங்கு எவ்வளவு? அவர் தோட்டக்காரர், விற்பனைக் கொள்கை அவர் கையில் இல்லை. ஆனால் லாபக் கணக்கை அவரும் பெருமையாகவே பேசினார்.

அவருடைய காலத்திலேயே ஆட்டம் வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி பொலிவியாவிலிருந்து அனுப்பிய விதைகளை 1865இல் பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பங்கை வாங்கியது. ஜாவாவில் அந்த விதையிலிருந்து வந்த மரங்களில் கொய்னாவின் அளவு 10 சதவீதத்தையும் தாண்டியது. பாசி கட்டி ஏற்றிய சத்து இதற்கு முன் எம்மாத்திரம்? சில பத்தாண்டுகளில் உலகக் கொய்னாச் சந்தையே ஜாவாவின் கைக்குப் போனது.

மெக்கைவர் அதைப் பார்க்க இல்லை. 1876 ஜூனில் ஊட்டியிலேயே இறந்தார். வயது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த மலையில் இருந்திருக்கிறார்.

அவர் இறந்த பிறகு 1880களில் இலங்கைத் தோட்டக்காரர்கள், காப்பி நோய்வாய்ப்பட்ட நிலத்தில் எல்லாம் சின்கோனாவை நட்டு, பட்டையைச் சந்தையில் கொட்டினார்கள். விலை சரிந்தது. சரிந்ததும் பிடுங்கிப்போட்டுத் தேயிலை நட்டார்கள். நீலகிரியில் தனியார் தோட்டங்களும் அதே வழியில் போயின. நடுவட்டத்தில் அரசின் மருந்து ஆலை வந்ததே மெக்கைவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான்.

1897இல் ரொனால்ட் ராஸ் லீவில் ஊட்டிக்கு வந்தார். காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் மலைப்பாதைக்கு இறங்கிப் போய், அங்கேயே மலேரியா வாங்கிக்கொண்டார். இறக்கையில் புள்ளி வைத்த ஒரு கொசுவை அவர் அங்கே கவனித்தார். சில மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், செகந்திராபாத்தில் அதே வகைக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். சீகூரிலிருந்து மலை ஏறினால் மெக்கைவர் சின்கோனா நட்ட தொட்டபெட்டாச் சரிவு.

நடுவட்டத்தின் அந்தப் பழைய சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் அரசுத் தேயிலைத் தோட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.